எல்லோரும் கத்தும் இடம்

கொழுத்த வெள்ளைக் காளை தலையை உலுப்பியதும் அருமைராசா மனைவியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் கை அவளுடைய தோளை இறுகப் பற்றியது. உள்ளங்கையின் ஈரம் சட்டைக்கு மேலாலும் அஞ்சலீனாவுக்குத் தெரிந்தது.

"என்னப்பா இது? அது கயித்திலை கட்டினபடிதானே நிக்குது. இஞ்சை பாருங்கோ, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு!"

"கயிறு அறாதெண்டு ஆர் சொன்னது?" அவரும் சிரிக்கப் பார்த்தார். "கெதியா வா, வெளியிலை போவம். மூச்செடுக்கேலாமக் கிடக்கு."

"மாட்டுக் கொட்டிலுக்கை பின்னை சென்ற் மணக்குமோ?"

மருமகன் றெக்ஸ் வேலை செய்யும் பால் தொழிற்சாலையில் கொடுத்த நுழைவுச்சீட்டுகள் அவை. மகள் றொஷினி, றெக்ஸ், அவர்கள் இருவர் என்று நாலு பேருமாக மொன்றியலிலிருந்து காலையில் புறப்பட்டு வந்திருந்தார்கள். விவசாயக் கண்காட்சி என்று பெயர். ஆனால் ஒரு ஊரையே கொண்டுவந்து இறக்கியதுபோல் இருந்தது. கொட்டில் கொட்டிலாக மாடுகள், பன்றிகள், குதிரைகள், அதற்கப்பால் ராட்டினங்கள், மூலையில் துள்ளும் மாட்டில் ஏறி ஓட்டிக் காட்டும் ரோடியோ அரங்கு.

காரிலேயே கணவனும் மனைவியும் பேசித் தீர்த்திருந்தார்கள். அஞ்சலீனா மன்னார் பக்கத்தில் மாடுகளுக்குள் வளர்ந்தவள். ஆனால் பாலத்தில் கார் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வாள். யாழ்ப்பாண நகரத்தில் வளர்ந்த அருமைராசாவுக்கு உயரம் ஒன்றும் செய்யாது. தெருநாயைக் கண்டாலே ஒதுங்குவார். ஆகவே அவளுக்காக அவர் கொட்டிலுக்குள் வருவார். அவருக்காக அவள் பெரிய ராட்டினத்தில் ஏறுவாள்.

வெளியே வந்ததும் அவர் போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். முகம் வெளிறியிருந்தது.

"மாட்டைக் கண்ட மனிசன்ரை முகத்தைப் பாரன்" என்று அஞ்சலீனா மகளிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏலாட்டி கொஞ்சம் இருங்கோப்பா" என்றாள் றொஷினி.

"எனக்கென்ன? உன்ரை கொம்மாதான் தப்பப் பாக்கிறா. ஏறு, ஏறு."

இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த இருக்கை. தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் இரும்புக் கம்பியை அவர்களின் மடிக்கு மேலாக இறக்கிப் பூட்டினான். றொஷினி கீழே நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். இருக்கை பின்பக்கமாக எழும்பத் தொடங்கியதுமே அஞ்சலீனா கண்ணை மூடி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணைத் திற. ரோடியோ முழுக்கத் தெரியுது. அங்கை ஒருத்தன் மாட்டிலையிருந்து விழுந்திட்டான்."

"நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

"எழும்பீட்டான். தொப்பியைத் தேடுறான்." அவர் நிறுத்தினார். "அஞ்சலீனா."

வழக்கமாக அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

அவர் தலை அவள் தோளில் வந்து சாய்ந்தது. தன்னைப் பயப்படுத்தத்தான் செய்கிறார் என்று நினைத்தாள்.

"விளையாடாதேங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது."

தலை தோளிலிருந்து மார்புக்கு வழுக்கியது. கண்ணைத் திறந்தாள். அவருடைய கண்கள் பாதி திறந்தபடி அவளுடைய மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. பிடித்திருந்த மணிக்கட்டில் இப்போது பாரம் மட்டுமே இருந்தது. அவர்கள் உச்சியில் இருந்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ! ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

முன் இருக்கையில் இரண்டு பெண் பிள்ளைகள் கையைத் தூக்கிக் கத்தினார்கள். பின் இருக்கையிலும் கத்தினார்கள். பக்கத்து ராட்டினம் தலைகீழாகப் புரண்டபோது அதிலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலாய் அலறினார்கள். ரோடியோ அரங்கில் கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. தன் குரல் தன் வாயை விட்டு வெளியே போகிறதா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

இருக்கை கீழே வந்தது. தொப்பிக்காரன் அவளைப் பார்த்தான். அவள் அவரைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். பயத்தில் கத்தும் பெண்களை அவன் நாள் முழுவதும் பார்த்திருப்பான். சிரித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினான்.

"அம்மா, இஞ்சாலை பாத்துச் சிரியுங்கோ!" றொஷினியின் குரல்.

ஒரு கணம் மகளின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. பிறகு இருக்கை மீண்டும் எழும்பிவிட்டது.

அவர் கம்பிக்குக் கீழால் வழுக்கத் தொடங்கினார். அஞ்சலீனா ஒரு கையால் அவருடைய சேட்டுத் துணியைச் சுருட்டிப் பிடித்தாள். மறு கையால் நாடியைத் தாங்கினாள். கம்பியை நெஞ்சால் அழுத்தியபடி வெளியே எட்டி, நேர் கீழே தெரிந்த சின்னத் தலைகளைப் பார்த்துக் கத்தினாள். விழுந்துவிடுவாரோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயத்துக்கு அவள் மனதுக்குள் பெயர் வைக்கவில்லை.

"மாதாவே, என்னெண்டு சொல்லுவன்? என்னெண்டு சொல்லுவன்?"

ஹோட்டல் சலவை அறையில் தமிழ்ப் பெண்களோடே வேலை செய்து, பொஞ்சூர், மேர்சி என்ற இரண்டு பிரெஞ்சுச் சொல்லோடு இவ்வளவு காலத்தையும் ஓட்டிவிட்டவள். இரண்டாவது தடவை உச்சியில் இருந்து இறங்கும்போதுதான், கோட்-டெ-நெய்ஜில் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில், 'நில்' என்று பிரெஞ்சில் எழுதி நிற்கும் சிவப்புப் பலகை நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் கார்கள் நிற்கும். அருமைராசா எப்போதும் முழுதாக நிறுத்தித்தான் எடுப்பார். அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

"அறே!" என்று கத்தினாள். "அறே! அறே!"

தொப்பிக்காரனின் சிரிப்பு நின்றது.

ராட்டினம் ஒரு குலுக்கலோடு நின்றபோது அவர்களின் இருக்கை அவனைத் தாண்டி மேலே போயிருந்தது. அது அந்தரத்தில் முன்னும் பின்னும் ஆடியது. அவள் அவரை இறுக அணைத்துக்கொண்டு, "இந்தா இறங்கப் போறம், இந்தா, இந்தா" என்று அவருடைய காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இருக்கையைக் கீழே இறக்கியதும் றெக்ஸ்தான் அவரைத் தூக்கிப் புல்லில் கிடத்தினான். முதலுதவிக்காரர் இருவர் ஓடிவந்து சேட்டைக் கிழித்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். அம்புலன்ஸில் வந்த பெண் எதையோ கேட்டாள்.

"எப்ப துவங்கினதெண்டு கேக்கினம், அம்மா."

"மேலைதான்" என்றாள் அஞ்சலீனா. "மேலை போனாப்பிறகுதான்."

அவரைக் கட்டிலோடு ஏற்றினார்கள். கதவு மூடப்போகும் நேரத்தில் அஞ்சலீனா ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"இல்லை. இல்லை, றொஷினி, சொல்லு. மாட்டுக் கொட்டிலுக்கையே வேர்த்தது. மூச்செடுக்கேலாதெண்டவர். நான்தான் சிரிச்சனான்."

றொஷினி தாயைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் சொன்னாள். கொட்டிலையும் வியர்வையையும் மூச்சையும் சொன்னாள். கடைசி வசனத்தைச் சொல்லவில்லை என்பது அவளுடைய பேச்சின் அளவிலேயே அஞ்சலீனாவுக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் அவர்களைத் தனி அறை ஒன்றில் இருக்கவிட்டார்கள். ஒவ்வொரு தடவை காலடி கேட்கும்போதும் அஞ்சலீனா எழும்பினாள். ஆட்கள் கடந்து போனதும் இருந்தாள். கடைசியில் டொக்டர் வந்தார். நின்றுகொண்டு பேசாமல் கதிரையை இழுத்து அவளுக்கு நேரே உட்கார்ந்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. றொஷினி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

டொக்டர் எழும்பும்போது றொஷினி தாழ்ந்த குரலில் அவரிடம் நீளமாக ஏதோ கேட்டாள். அவர் கையை விரித்து, மெல்லத் தலையாட்டினார்.

"என்ன கேட்டனி? முந்தியே கொண்டந்திருந்தாலெண்டோ?"

"ஒண்டுமில்லையம்மா."

இருட்ட இன்னும் நேரமிருந்தது. காரை எடுப்பதற்காக டாக்சியில் கண்காட்சி மைதானத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வேலிக்கு அப்பாலிருந்து அலறல் எழும்போதெல்லாம் அஞ்சலீனா திடுக்கிட்டு நின்றாள். பிறகு நடந்தாள். புல்வெளித் தரிப்பிடத்தில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களைப் போட்டுக் கொடுத்த பையிலிருந்து திறப்பை எடுத்து றெக்ஸ் கதவைத் திறந்தான். பெண்கள் இருவரும் பின்னால் ஏறினார்கள்.

அருமைராசா நெடிய மனிதர். சாரதி இருக்கை பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. கட்டையான றெக்ஸுக்குக் கால் எட்டவில்லை. குனிந்து, இருக்கைக்குக் கீழே கைவிட்டு, அதை முன்னுக்கு இழுக்கும் பிடியைத் தேடினான்.

"தம்பி" என்றாள் அஞ்சலீனா. "அதை அசைக்காதேங்கோ."

றெக்ஸ் கையை எடுத்தான். கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த துவாயைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்து, இருக்கையின் விளிம்பில் குந்திக்கொண்டு, கால்விரல் நுனியால் எட்டி அழுத்தினான். கார் புல்லுக்கு மேலாக மெதுவாக நகர்ந்தது.