துடைத்தெடுத்த விலாசங்கள்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பதிவுகளை ஒழுங்குபடுத்த வந்தவளுக்கு நர்சுகள் வைத்த பட்டப்பெயர் துடைப்பம். அவளுக்கும் அதில் பெருமைதான். ஆனால் விலாசக் கட்டத்தைத் திறந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தி கதவு எண்ணை முதலில் போடுவாள், இன்னொருத்தி கடைசியில். போதாக்குறைக்கு, ‘அக்கா வீடு’, ‘ஃபோன் புருஷனோடது, கூப்பிடாதே’ என்று ஊர்க்கதை வேறு. அதற்கெல்லாம் தனிக் கட்டம் இல்லாமல் பாவம் அவர்கள் எங்கேதான் எழுதுவார்கள்? துடைப்பம் அதை யோசிக்கவில்லை. எண், தெரு, அஞ்சல் குறியீடு தவிர மிச்சத்தை ஒரே கட்டளையில் வழித்தெறிந்தாள். குப்பை எதற்கு என்று பழைய பிரதியையும் அழித்தாள்.

விலாசத்தில் ஒரு கமா மாறினாலும் பதிவிலுள்ள ஃபோனுக்குத் தானாகச் செய்தி போய்விடும்: ‘உங்கள் விலாசம் இதுதானா?’ கீழே முழு விலாசம். செய்திகள் தவணை தவணையாகப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் வந்தாள். தாடை பெயர்ந்து தொங்கியது. அக்கா வீட்டில் ஒளிந்திருந்தவளைப் புருஷன் தேடி வந்து சுத்தியலால் அடித்திருந்தான். தடுக்கப்போன அக்காவுக்கும் மண்டை பிளந்திருந்தது. அந்த அக்கா, ரத்தம் கண்ணில் வழிய வழிய, நேரே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள்.

"என் வீட்டு விலாசத்தை அவன் ஃபோனுக்கு அனுப்பினது யாருடி? அதைக் காட்டிக் காட்டி அடிச்சான்டி!"

அக்கா விட்ட அறையில் துடைப்பத்தின் உதடு கிழிந்தது. அவள் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. பாய்ந்துபோய், இன்னும் போய்க்கொண்டிருந்த செய்திகளை நிறுத்தினாள்.

பின்னாலேயே தலைமை நர்ஸ் ஓடிவந்தாள். "எனக்குத் தெரிஞ்சு இன்னொருத்தியும் இப்படி ஒளிஞ்சிருக்கா. பக்கத்துத் தெரு பேக்கரி மாடியில."

"உடனே ஃபோன் பண்ணிடலாம் சிஸ்டர்!"

"எந்த நம்பருக்கு? அவளோடதா, புருஷனோடதான்னு எழுதி வச்சிருந்தோமே, அதைத்தானே நீ தூக்கிப் போட்டே? போலீசுக்கு நான் சொல்றேன். நீ ஓடு!"

துடைப்பம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பேக்கரி மாடியில் கதவு உடைந்து கிடந்தது. உள்ளே ஒருவன் தரையில் கிடந்த பெண்ணின் மார்பில் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். அவள் கால்கள் உதறுவதை நிறுத்திவிட்டன.

மேசையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. துடைப்பம் அதைத் தூக்கி அவன் பின்மண்டையில் போட்டாள். அவன் திரும்பினான். நெற்றியில் மறுபடி போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டும் கை நிற்கவில்லை. அவன் சாய்ந்த பிறகும் அடித்தாள். அத்தனை கோபமும் அவன்மேல் மட்டும் இல்லை.

அந்தப் பெண் இருமி, மூச்சை இழுத்து, சுவரோரம் நகர்ந்தாள்.

"நீ யாரு? நான் இங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன்மா. பயப்படாதே, இனிமே ஒண்ணும் ஆகாது."

"அவனுக்கு யாரு சொன்னா?"

துடைப்பம் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்."

அந்தப் பெண் எட்டி இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கி இரண்டு கையாலும் ஓங்கினாள்.

"கிட்ட வராதே."