டிராக்டருக்கு அளவெடுத்தவர்

தையல்காரருக்குப் பெரிய டிராக்டர் மேல்தான் கண். மச்சானுடைய வண்டியைவிட ஒரு பிடியாவது உயரமாக இருக்க வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனைவிக்கோ தன் எலுமிச்சைகள்தான் உயிர். வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் அவளே குடம் சுமந்து ஊற்றியிருந்தாள். இந்த வருஷம்தான் காய் பிடித்திருந்தது.

வரிசைகளுக்கு நடுவே களையை உழத்தான் டிராக்டர். "பெரிசு நுழையலேன்னா நடு வரிசையப் பிடுங்கிடுங்க மாமா" என்று அவளுடைய தம்பியான அந்த மச்சான் யோசனை சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

"ஒரு கிளை ஒடிஞ்சாலும் வண்டி வந்த வழியே போயிடணும்" என்றாள்.

"ஊரையே அளந்தவன்கிட்ட வந்து சொல்றே பாரு!"

கழுத்தில் தொங்கும் டேப்போடு போய் அளந்து வந்தார். மிகக் குறுகலான இடத்திலும் கிளைக்கும் கிளைக்கும் நடுவே ஆறேகால் அடி என்றார். வண்டியின் அகலம் ஆறடி. அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் விற்பனையாளர் பெரிய வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். தையல்காரர் மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார். பாதி வரிசை போவதற்குள் இரண்டு பக்க மட்கார்டும் கிளைகளில் உரச, காயோடு ஒரு கிளை வளைந்தது.

"நிறுத்துங்க!" அவள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், ஒரு நாலு கிளைய மட்டும் வெட்டிட்டா..."

"உங்க கைய வெட்டிட்டா இவருக்குச் சட்டைக் கை தைக்கிற வேலை மிச்சம். செஞ்சுடலாமா?"

விற்பனையாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் கணவரின் கழுத்திலிருந்த டேப்பை உருவி அளந்தாள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்தது.

"ஏங்க, நாலு இஞ்சு எங்க போச்சு?"

அவர் டேப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். மார்பை அளந்தால், உடம்பு அசைய நாலு இஞ்சு கூட்டித்தான் அவர் வாய் எண்ணைச் சொல்லும். தோட்டத்துக்கும் அப்படியே சொல்லிவிட்டது.

"மரம் மூச்சு விட வேணாமா?" என்றார் மெதுவாக.

"அதைத்தானே நான் அன்னிலேருந்து சொல்றேன்!"

பெரிய வண்டி பின்னோக்கியே வெளியேறியது.

அடுத்த வாரம் சின்ன டிராக்டர் வந்தது. வரிசைக்குள் ஓர் இலைகூட அசையாமல் போய்த் திரும்பியது. மச்சான் வேலியோரம் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன மாமா, தீனி போட்டா இது வளருமா?"

தையல்காரர் மனைவி பக்கம் குனிந்தார்.

"முழங்கால் இடிக்குதுடி."

இறுக்கமான சட்டையோடு திரும்பி வரும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லி அனுப்பும் வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக் கொடுத்தாள்:

"போடப் போடச் சரியாயிடும். ஓட்டுங்க."