அந்தரத்தில் நின்ற சரக்கு வேன்

ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதி இடிந்து விழுந்த செவ்வாய்க்கிழமை காலை, அதன் மேல் போய்க்கொண்டிருந்த வெள்ளை வேன் மட்டும் விழவில்லை. நான்கு சக்கரங்களும் எதையும் தொடாமல், மிச்சமிருந்த பாலத்தின் விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளத் தூரத்தில், டிரைவரோடு பதினோரு நாள் அப்படியே நின்றது. பத்திரிகைகள் அதிசயம் என்று எழுதின. லோடு ஏற்றும் தொழிலில் இருப்பவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. யார் ஏற்றிய லோடு என்று மட்டும் கேட்டார்கள். பதில் கிடைத்ததும் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஏற்றியவள் அந்த டிரைவரின் மனைவி. பார்சல் ஷெட்டில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். கனமான பெட்டிகளை அடியில், சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்போடு ஒட்டி வைப்பாள். லேசானவை மேலே. கண்ணாடித் தகடுகளைப் படுக்கப்போடவே மாட்டாள். நிறுத்திவைத்து நடுவில் பழைய மெத்தைத் துண்டுகளைச் செருகுவாள். சரக்குக்கு நடுவே ஒரு விரல் நுழைய இடமிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பெல்ட்டுகளை இறுக்கியபின் ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்ப்பாள், சத்தம் பிடிக்காவிட்டால் அவிழ்த்து முதலிலிருந்து கட்டுவாள். இதையெல்லாம் மனசு வைத்தால் மற்றவர்களும் செய்யலாம். மற்றவர்கள் செய்யாத ஒன்றும் அவள் செய்தாள். தினமும் காலையில் கணவனைச் சாப்பாட்டு டப்பாவோடும் தண்ணீர் பாட்டிலோடும் பார்சல் தராசில் ஏற்றி எடைபோட்டு, அதற்குத் தக்கபடி எதிர்ப்பக்கத்துச் சரக்கை நகர்த்தி வைப்பாள். இவள் என்னைப் பார்சல் என்றே நினைத்துவிட்டாள் என்று அவன் ஷெட் முழுக்கப் புலம்புவான். ஆனாலும் ஒரு நாள்கூட ஏறாமல் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை லோடில் இரண்டு ஃபிரிட்ஜ், பதினாறு பெயின்ட் டின், முடிதிருத்தும் கடைக்கான சுழல்நாற்காலி ஒன்று, நாற்பது கண்ணாடித் தகடுகள். விழுவதென்றால் ஒரு வண்டி முதலில் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும். அந்த லோடுக்குச் சாய்வதற்கு ஒரு பக்கம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவள் ஓடி வந்தபோது அவன் கை கதவில் இருந்தது. விளிம்பில் நின்றபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "கதவைத் திறக்காதீங்க. நீங்களும் லோடுதான். நீங்க இறங்கினா எல்லாமே இறங்கிடும்."

மதியமே கிரேன் வந்தது. கொக்கி ஒரு பக்கம் பட்டால் போதும், கதை முடிந்துவிடும் என்று அவள் கிரேனுக்கு முன்னால் போய் நின்றாள். அதிகாரிகள் அதட்டிப் பார்த்தார்கள். கிரேன் ஓட்டுநர் மட்டும் வேனின் பின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்த கட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, இந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள் என்றார். அந்த மனிதரை இந்த ஊர் இன்றும் மரியாதையோடுதான் பேசுகிறது.

நான்காம் நாள் டிரைவர் பக்கம் அரை விரல் உயர்ந்தது. பயத்தில் அவன் இளைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் நீளமான கழியில் ரொட்டியும் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் கட்டி, திறந்திருந்த ஜன்னல் வழியாக நீட்டினாள். மூச்சிலும் வியர்வையிலும் குறைந்தது எவ்வளவோ சரியாக அவ்வளவு. பசிக்கிறது என்றாலும் ஒரு துண்டு கூடக் கிடையாது. மற்றது எதுவும் வேனை விட்டு வெளியேறவில்லை, எல்லாம் பாட்டில்களில் அவன் காலடியிலேயே இருந்தது. இதைச் சொல்லி அவனைக் கிண்டல் செய்யாதவர் ஊரில் இல்லை. இதற்கிடையே ஊர்த் தச்சர் ஒருவர், விளிம்பிலிருந்து ஜன்னல்வரை ஒரு பலகை மேடையை, வேனைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருந்தார். அவளோ ஏழு மணல் பைகளைத் தைத்தாள். இரண்டு கை, இரண்டு கால், தலை, மார்பு, வயிறு. கணவனின் எந்த உறுப்பு எத்தனை கிலோ என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பதினோராம் நாள் காலை அவன் ஜன்னல் வழியாக இறங்க ஆரம்பித்தான். வலது கை வெளியே வந்தது, வலது கைப் பை உள்ளே போனது. தலை வந்தது, தலைப் பை போனது. இப்படியே கடைசிக் கால்வரை வந்து, அவன் மேடையில் தவழ்ந்து விழுந்தான். வேன் அசையவில்லை. கரையில் நின்றவர்கள் அழுதார்கள். அவள் மேடையில் நின்றபடி கடைசிப் பையைச் சீட்டில் சரியாக வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். எதிர்ப்பக்கம் சட்டென்று ஒரு விரல் இறங்கியது. கையைத் திரும்ப வைத்தாள். வேன் நேரானது.

ஊரையே எடைபோட்டவள் தன் கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. எடுத்தால் வேன் மேடையையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் போகும். எடுக்காமல் தராசில் வைக்கவும் வழியில்லை. எவ்வளவு அழுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

கால் கிலோவுக்கும் அரைக் கிலோவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று கடைத்தெரு முழுக்கப் பெயரெடுத்தவன் அவள் கணவன். பதினோரு நாள் உட்கார்ந்து மரத்துப்போன காலோடு அவன் எழுந்தான். ஒரு சாக்ஸைக் கழற்றி, பைகளை நிரப்பியதில் மீதமிருந்த மணலை அள்ளிப் போட்டான். கையில் வைத்துப் பார்த்தான், கொஞ்சம் கொட்டினான். திரும்ப ஒரு சிட்டிகை சேர்த்தான்.

"தராசு இல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"இருபத்திரண்டு வருஷமா தூங்கறப்ப இந்தக் கையை என் நெஞ்சு மேலதான் போட்டுக்கற. எனக்குத் தெரியாதா?"

அவன் சாக்ஸை அவள் கைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தாள். வேன் ஒரு நூல்கூட அசையவில்லை.

அடுத்த வருடம் கட்டிய புதிய பாலம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்து போகிறது. கண்ணாடித் தகடுகளின் சொந்தக்காரர் டெலிவரி எப்போது என்று சில வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார். மழைக்காலத்தில் பெயின்ட் கொஞ்சம் உரிகிறது, மற்றபடி வேன் நன்றாகத்தான் இருக்கிறது. சரக்கு வண்டிக்காரர்கள் அதற்கு நேரே ஓரங்கட்டி, இறங்கி, தங்கள் பெல்ட்டுகளை ஒரு தரம் இறுக்கிவிட்டுப் போகிறார்கள்.