நாலாவது இடம்

...ஆனால் போன மழையில் கம்பத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது என் தப்பா, தண்ணீர் எடுத்துப் பார்க்கிற நாலாவது இடத்துக்கு அடையாளமே அந்தச் சிவப்புக் கம்பம்தான், அது இல்லையென்றால் நான் கை காட்டுகிற இடம்தானே நாலாவது இடம், அங்கேயும் ஏரித் தண்ணீர்தான், இங்கேயும் ஏரித் தண்ணீர்தான், என்ன, இங்கே ஆலைக் கழிவுக் கால்வாய் வந்து விழுகிறது, அவ்வளவுதானே... "இங்கயே நிறுத்துங்கண்ணே" என்றேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நாலாவது எடம் இன்னும் கொஞ்சம் தள்ளியில்ல மேடம்?" "கம்பம்தான் இல்லியேண்ணே." "சரி, படிச்சவங்க நீங்க சொன்னா சரிதான்." குத்தலாகச் சொன்னாரா, இல்லை, அவருக்குக் குத்திப் பேச வராது, பதினொரு வருடமாக மாதம் ஒரு தடவை இந்தப் படகில் ஏறுகிறேன், எனக்குத் தெரியாதா.

பதினொரு வருடம், பதினொரு கான்ட்ராக்ட். ஒவ்வொரு வருடமும் ஏரி கெட்டுக் கிடக்கிறது என்று அறிக்கை கொடுத்தேன், ஒவ்வொரு வருடமும் ஆய்வை நீட்டித்தார்கள், என்னையும் சேர்த்து. இப்போது ஆலைகளை அடக்கிவிட்டார்கள், இந்த ஒரு கால்வாய்தான் பாக்கி, அதையும் அடுத்த மாதம் அடைக்கப்போகிறார்கள், மூன்று மாதமாகத் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டே வருகிறது, இதற்காகத்தானே படித்தேன், பிறகு ஏன் அந்த எண்களைப் பார்த்ததும் கான்ட்ராக்ட் முடிய எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தேன்... "ஏரி சரியாயிடுச்சுன்னா நமக்கு என்னம்மா வேலை" என்று ஆய்வை நடத்தும் பேராசிரியர் சிரித்தார், அவருக்குப் பென்ஷன் இருக்கிறது, சிரிக்கலாம். ஏழு இடத்தில் ஒன்று மோசமாக இருந்தாலும் ஆய்வு இன்னொரு வருடம் தொடரும், மீன் பிடிக்கும் தடையும் தொடரும். எனக்கு நாற்பத்து நாலு வயது, வேறு வேலைக்குப் போனால் முப்பத்தைந்து வயதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். முதுகு போய் வீட்டோடு இருக்கும் என் வீட்டுக்காரர் காலையில் மகள் காதில் விழாமல் கேட்டார், "இந்த வருஷமும் நீட்டிச்சிருவாங்கல்ல?" ஏறும்போது படகுக்காரரும் கேட்டார், வலை போட்டு அஞ்சு வருடமாகிவிட்ட மனிதர், "மீன் துள்றத நானே பாத்தேன் மேடம், தடைய எடுத்துருவாங்கல்ல?" இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

பாட்டிலைக் குமிழி விழாமல் அமுக்கி நிரப்பினேன், ஆக்ஸிஜன் பார்க்கும் இரண்டு மருந்தையும் விட்டேன், மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்கினேன். பழுப்பாகத் திரிந்தால் தண்ணீரில் மூச்சு இருக்கிறது, வெள்ளையாகத் திரிந்தால் இல்லை. காலையிலிருந்து மற்ற ஆறு இடமும் பழுப்பு, திரும்புகிற வழியில் இருப்பதால் நாலாவது எப்போதும் கடைசிதான். வெள்ளை, வெள்ளை என்று உள்ளே ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், யார் அவள், எப்போது வந்து குடியேறினாள்... திரிந்தது, சுண்ணாம்பு மாதிரி. அப்பாடா. வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, படகுக்காரர் திரும்பிப் பாட்டிலைப் பார்த்தார். "வெள்ளைன்னா மோசம்னு நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க." கோபமே இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆமாண்ணே என்றேன், வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் நிம்மதி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெட்டியில் இன்னொரு பாட்டில் காலியாக இருக்கிறது, பழைய இடத்துக்குப் பத்துத் தடவை துடுப்புப் போட்டால் போதும், சொன்னால் மறுபேச்சில்லாமல் போடுவார், சொல்லேன், சொல்லித் தொலையேன்... "கரைக்குப் போலாம்ணே" என்றுதான் வந்தது. அதற்கு முன்பே அவர் படகைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார், நான் என்ன சொல்வேன் என்று எனக்கு முன்னால் அவருக்கு எப்படித் தெரிந்தது.