ஆரோக்கியமான ஆள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பது நான்தான். இரண்டு வகை ரத்தம் வேண்டும். குடல் அழற்சி நோயாளிகளுடையது ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு நோயும் இல்லாதவர்களுடையது இன்னொன்று. முதல் வகைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவதற்குத்தான் ஆள் பிடிக்க வேண்டும். நன்றாக இருக்கிறவன் எவன் சும்மா வந்து ஊசி குத்திக்கொள்வான்? அதனால் என் கணவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"வயித்துல ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று ஆய்வை நடத்தும் பேராசிரியை அவரிடம் கேட்டார்.

"இவருக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும் மேடம்" என்றேன் நான். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் இது வழக்கம்தான்.

நாங்கள் எண்ணுவது ஒரே ஒரு வகை செல்லை. உடம்பின் எதிர்ப்பு செல்கள் கிருமியைக் கண்டால் மல்லுக்கு நிற்கும். "போதும், விடுங்க" என்று அவற்றை அடக்கி வைக்க வேறு சில செல்கள் உண்டு. ஒழுங்குபடுத்தும் செல்கள் என்று பெயர். குடலில் இவற்றின் பேச்சு எடுபடாமல் போனால், அங்கே காலங்காலமாகக் குடியிருக்கும் அப்பாவிக் கிருமிகளோடும் சண்டை மூண்டு, குடல் புண்ணாகிவிடும். நோய் தீவிரமாக இருக்கும்போது இவை ரத்தத்தில் குறைந்து தெரிவதுண்டு.

என் கணவரின் ரத்தத்தில் குறைந்து தெரிந்தன.

செல்களுக்கு ஏற்றும் சாயத்தை மாற்றினேன். எண்ணும் மெஷினைக் கழுவினேன், திட்டினேன். மறுபடி ரத்தம் எடுத்தேன். குளிர்பெட்டியைச் சரியாக மூடுவதில்லை என்று பக்கத்து மேசைக்காரியோடு சண்டை போட்டேன். அவள் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை.

பேராசிரியை பார்த்தார். "இதை மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். மெஷினை இத்தனை தடவை திட்டினியே, ஆளை ஒரு தடவை கேட்டியா?"

சுருக்கென்றது. பெல்ட்டில் என் கணவர் ஆணியால் போட்ட புது ஓட்டை ஞாபகம் வந்தது. தொப்பை குறைகிறது என்று நான் பூரித்துப்போன ஓட்டை. லிஃப்ட் மெக்கானிக் அவர். அவசரத்துக்குக் கழிப்பறை கிடைக்காத உயரமான கட்டடங்களின் வேலையைக் கொஞ்ச நாளாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது.

"ஏங்க, ரத்தம் போகுதா?"

உள்ளே குழாய் நின்றது. "மழை வர்ற மாதிரி இருக்கு. மாடியில துணி காயுது, எடுத்துரு" என்றார்.

"நனைஞ்சா நனையட்டும். எத்தனை நாளா?"

"கொஞ்ச மாசமா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் பாக்குற வேலையே அதுதான!"

"அதனாலதாம்மா சொல்லல." குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. "அங்க வர்றவங்க படுற பாட்டையெல்லாம் சாயந்திரம் என்கிட்ட சொல்லி அழுதுட்டு, அப்புறம்தான் நீ சாப்பிடவே உக்காருவ. நானும் அவங்கள்ல ஒருத்தன் ஆயிட்டா, நீ யார்கிட்ட போய்ச் சொல்லுவ?"

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

"உங்ககிட்டயேதான் சொல்லுவேன்" என்றேன். "கதவைத் திறங்க."