பின்பக்கம் மடங்கிய முழங்கால்

ஆவணி இரண்டாம் புதன்கிழமை கோச்சடை சிவபாண்டிக்கு முழங்கால் இரண்டும் பின்பக்கமாக மடங்க ஆரம்பித்தன. மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததால் யாரும் உடனே கவனிக்கவில்லை.

தப்பு அவன் அம்மா மாயக்காளுடையது. சிவபாண்டி இன்னிசைக் குழுவில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவன். அது மேசை மாதிரி காலூன்றி நிற்கும்; முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கை இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தும்போதே பாதம் பெடலை மிதிக்க வேண்டும், அடியில் தொங்கும் லீவர்களை முழங்கால் தள்ள வேண்டும். யாரோ ஒரு நெட்டை வெள்ளைக்காரனுக்காகச் செய்தது. ஐந்தடி சிவபாண்டி பத்து வருஷம் எக்கி எக்கித் தள்ளியதில், மாடிப்படியைக் கண்டாலே கண் கலங்கும் அளவுக்கு முழங்கால் வலி. மாயக்காள் உசிலம்பட்டிப் பக்கத்துக் குலசாமிக்கு மண்ணில் செய்த கால் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். கோயில் வாசலில் மனுசக் கை கால்கள் ஒரு குவியல், மாடு கன்றுக்கு நோய் தீர வைப்பவை இன்னொரு குவியல். டவுன் பஸ் ஹாரன் அடித்த அவசரத்தில் அவள் வாங்கி வைத்தது கன்றுக்குட்டியின் பின்னங்கால் ஜோடி. சாமியும் வைத்ததற்குத் தக்கபடி செய்துவிட்டது. வலி சுத்தமாகப் போய்விட்டது.

நடக்கலாம், ஓடலாம். மடக்கினால் முழங்கால் பின்னால் போய்விடுவதால் நாற்காலியில் மட்டும் உட்கார முடியாது. வேறு கால் வைத்துவிடுகிறேன் என்று மாயக்காள் அழுதாள்.

"வலியும் கூடவே வந்துரும் ஆத்தா, வேணாம்" என்று கும்பிட்டான்.

குழு முதலாளி செல்வக்குமார் வந்து பார்த்தார். கீபோர்டிலேயே அந்தச் சத்தம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பில் வாசிக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டால் இனி வரவேண்டாம் என்று சொல்லிப் போனார். சிவபாண்டிக்குத் தெரிந்த வேலையும் பிடித்த வேலையும் அது ஒன்றுதான். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனான்.

ஆரப்பாளையம் வெல்டிங் பட்டறைத் தவசிக்குச் சங்கீதம் தெரியாது. கிரில் கேட்டுக்கு அளவெடுப்பதுபோல முழங்காலில் சாக்பீஸ் கோடு போட்டார்.

"அப்படியே லாடமும் அடிச்சுரவா மாப்ள?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்ணே."

"இம்புட்டுத்தானா?"

தவசி கிட்டாரின் காலை முக்கால் அடி அறுத்தார். நாற்காலிக்குப் பதில் குழாயில் சைக்கிள் சீட்டைப் பற்றவைத்தார். லீவர்களைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் முழங்கால் போய் நிற்கும் இடத்தில் மாட்டி, சைக்கிள் பிரேக் வயரால் கிட்டாரோடு இணைத்தார். முதலில் வயர் இடம் மாறி, ஏறவேண்டிய சுரம் இறங்கியது. தவசிக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிவபாண்டி கையைக் காலைப் பிடித்து மாற்றவைத்தான்.

வரவேற்பில் முதல் இரண்டு பாட்டுக்குக் கூட்டம் முழங்காலையே பார்த்தது. மூன்றாவது பாட்டில் சிவபாண்டி ஒரு சுரத்தை வளைத்து இழுத்தான். மணப்பெண் போட்டோகிராபரை மறந்து அவன் பக்கம் திரும்பினாள். அப்புறம் பந்திக்குக்கூட யாரும் முண்டவில்லை. பத்து வருஷத்தில் முதன்முறையாக அவன் வலியில்லாமல் வாசித்தான். சந்தோஷம் தாங்காமல் அழுதான். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் செல்வக்குமார் வந்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வியாழக்கிழமை திருமங்கலம். அந்த சைக்கிள் சீட்டையும் மறக்காம தூக்கிட்டு வந்துரு."

"வாரேண்ணே" என்றான் சிவபாண்டி.