எலும்பில்லாத காட்டுக்கோழி

காட்டுக்கோழி இறகுடைய பறவை. புற்றுக்காளானோ இறகும் வேரும் அற்ற பங்கசு, பூஞ்சண இனம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுவார் எவருமிலர். ஆயினும், புற்றடியில் காளானைக் காணும்போதெல்லாம் தர்மபுரத்து நல்லதம்பியின் காதில் ஒரு சேவல் கூவும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஐப்பசி மாதம். அவன் மனைவி அழகம்மா தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள். கஞ்சிகூட அவள் வயிற்றில் தங்கவில்லை. நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிவந்தது.

"என்னதான் வேணும், அழகு? வாயைத் திறந்து சொல்லன்."

"காட்டுக்கோழிக் கறி."

"ராசாத்தி கேக்கிறதைப் பார்!"

அவ்வாறு சொன்னானே தவிர, விடிந்ததும் சுருக்குக் கயிற்றுடன் புறப்பட்டான். மிதிவெடிக்கு அஞ்சிக் காட்டுக்குள் எவரும் கால்வைக்காத காலம் அது. ஆதலால் வயல் ஓரத்துப் பற்றையோடு நின்றுகொண்டான். அங்கே ஒரு சேவல் கறையான் புற்றடியைக் கிளறிக்கொண்டிருந்தது. அவன் குனிவதற்குள் பறந்து மறைந்தது. அது கிளறிய ஈரமண்ணில், தான் வளர்ந்த மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் சிறுவயது முதல் அவன் அறிந்திருந்த அதே காளான்கள் குடைவிரித்து நின்றன.

அன்று அவன் அழகம்மாவைக் குசினிக்குள் விடவில்லை. காளானை இறைச்சி நாராகக் கிழித்து, வறுத்த மிளகாய்த்தூளும் மிளகும் தேங்காய்ப்பாலும் இட்டு இறக்கினான். அவள் முதற் பிடி சோற்றை விழுங்கும்வரை அவளது தொண்டையையே பார்த்திருந்தான். குமட்டவில்லை. இரண்டாம் பிடியும் இறங்கியது.

"எலும்பொண்டையும் காணேல்லை?"

"உனக்குக் கரைச்சல் எண்டு எடுத்துப்போட்டன்."

"செட்டை?"

"அதையுந்தான்."

"காலுமில்லை, கழுத்துமில்லை. பாவம், இந்தக் கோழி எப்பிடித்தான் ஓடித் திரிஞ்சுதோ!"

அவன் அடுப்புச் சாம்பலைக் கிளறினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே சோற்றுக் கோப்பையை வழித்து உண்டாள். மறுநாளும் அதையே கேட்டாள்.

மகள் பிறந்து தவழத் தொடங்கிய பின்னர், ஒருநாள் மெய்யாகவே ஒரு சேவல் சுருக்கில் அகப்பட்டது. நல்லதம்பி அதே பக்குவத்தில் சமைத்துப் பெருமையுடன் பரிமாறினான். அழகம்மா ஒரு துண்டைக் கடித்தாள், நெடுநேரம் மென்றாள், எலும்பைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தாள்.

"இது காட்டுக்கோழி இல்லை. ஆரோ உங்களை ஏமாத்திப்போட்டினம்."

இன்றும் முதல் மழை விட்டதும், அவள் ஓலைப்பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள்.

"கோழி பறக்கமுதல் போயிட்டு வாங்கோ."